வன்னியில் ஒரு ஸ்டோரேஜ் சேர்வர்: ஹார்ட் டிஸ்க்குகளைக் கண்காணிக்கும் முறை

கொழும்பில் ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதானால் பின்னேரத்துக்குள் இன்னொன்றை வாங்கிப் பூட்டிவிடலாம். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ அது நடக்காது. சேர்வருக்கு ஏற்ற 4 அல்லது 8 டெராபைட் டிஸ்க்கை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தேட வேண்டும். அங்கும் இல்லையென்றால் கொழும்பிலிருந்து ஏ9 வழியே பஸ்ஸில் ஏற்றி எடுக்க வேண்டும். வாரண்டிக்கு அனுப்பினால் கிழமைக்கணக்கில் இழுபடும். அதுவரை ரெய்டில், அதாவது ஒன்று செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளை இணைத்த அமைப்பில், மிஞ்சிய டிஸ்க்குகள் காப்பில்லாமல் ஓடுகின்றன. ஆகவே டிஸ்க் செத்த பிறகு வரும் எச்சரிக்கையால் இங்கே பெரிய பயனில்லை. புது டிஸ்க் வந்துசேர எடுக்கும் நாட்களையும் கணக்கில் வைத்து, அதற்கு முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும்.

திருமண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ, அரிசி ஆலையின் சிசிடிவி, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குக் கோப்புகள், பாடசாலையின் கணினி அறை என்று இந்தப் பக்கம் ஓடும் சேர்வர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: 2 முதல் 6 வரை சாட்டா டிஸ்க்குகள், லினக்ஸ், அதோடு டிஸ்க்குகளை இணைக்க லினக்ஸின் சொந்த எம்டி ரெய்டு அல்லது ரெய்டு வேலையையும் தானே செய்யும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. கீழே உள்ளவை டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கும், அதன் மேல் ஓடும் சேமிப்புச் சேர்வர் மென்பொருளான ஓபன்மீடியாவால்ட்டுக்கும் பொருந்தும். கட்டளைப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதலில் எது எந்த டிஸ்க் என்று தெரியட்டும்

எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் கொடுக்கும் பெயர்கள் நிலையானவை அல்ல. ஒரு கேபிளை மாற்றி மீண்டும் இயக்கினால் நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகலாம். நிலையானது தொடர் எண் மட்டுமே. சேர்வரை நிறுத்தி, ஒவ்வொரு டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கரிலும் உள்ள தொடர் எண்ணின் கடைசி 4 எழுத்துகளைப் பெரிதாக எழுதி, பெட்டியைத் திறந்தவுடன் தெரியும் முனையில் ஒட்டுங்கள். அதே வரிசையை ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வையுங்கள்: இடம், மாதிரி, தொடர் எண், வாங்கிய திகதி, வாரண்டி முடியும் திகதி. ரெய்டுகள் அழிந்த கதைகளில் பல, பழுதான டிஸ்க்கை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கைக் கழட்டியதில்தான் தொடங்குகின்றன. ஸ்டிக்கர் ஒட்ட அரை மணித்தியாலம் போதும்.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும்; அந்த வசதிக்குப் பெயர் ஸ்மார்ட். அதை வாசிக்க, பிறகு ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவுங்கள். ஓபன்மீடியாவால்ட்டில் அது ஏற்கெனவே இருக்கும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்கு ‘ஹைபன் எக்ஸ்’ சேர்த்து டிஸ்க்கின் பாதையையும் கொடுத்தால் முழு அறிக்கை வரும். யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் ‘ஹைபன் டி சாட்’ என்று சேர்த்துப் பாருங்கள். பாவித்த சேர்வரை அதன் ரெய்டு கார்டோடு வாங்கியிருந்தால் டிஸ்க்குகள் அந்தக் கார்டின் பின்னால் ஒளிந்திருக்கும். எல்எஸ்ஐ வகைக் கார்டுகளுக்கு ‘ஹைபன் டி மெகாரெய்டு’ என்று போட்டு, காற்புள்ளிக்குப் பிறகு டிஸ்க்கின் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

எந்த எண்களைப் பார்ப்பது

அறிக்கையின் மேலே ‘பாஸ்ட்’ என்று ஒரு வரி வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தயாரிப்பாளர் வைத்த எல்லையை ஏதாவதொரு முக்கிய அளவு தாண்டும்வரை அந்த வரி மாறாது. அந்த எல்லைகளோ மிகத் தாராளமானவை. நூற்றுக்கணக்கான செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்) பழுதான டிஸ்க்கும் ‘பாஸ்ட்’ வாங்கும். அந்த வரி ‘ஃபெயில்ட்’ என்று மாறினால் மட்டும் அதை நம்புங்கள்.

பார்க்க வேண்டியது அட்டவணையின் கடைசி நிரல், அதாவது ‘ரா’ மதிப்பு. ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்தே சொல்கிறோம்.

5 என்பது பழுதாகி, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197 என்பது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198 முழுச் சோதனையில் வாசிக்கவே முடியாமல் போனவை. 187 டிஸ்க் தன்னால் திருத்த முடியாமல் கணினிக்கு அறிவித்த பிழைகள். இந்த நான்கும் பூச்சியமாக இருப்பதே நல்ல நிலை.

197ஐக் கொஞ்சம் விரிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். மின்வெட்டு உள்ள இடத்தில் அது அடிக்கடி தலைகாட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒரு செக்டர் அரைகுறையாக எழுதப்பட்டு நிற்கலாம். அடுத்த முறை அதை வாசிக்க முடியாது, 197 ஒன்று கூடும். அந்த இடத்தில் மீண்டும் எழுதும்போது டிஸ்க் அதைச் சோதிக்கும். எழுத முடிந்தால் 197 குறையும், 5 அசையாது: காந்தப்பரப்பு நல்லது, குற்றம் கரண்டில். எழுத முடியாவிட்டால் மாற்று செக்டர் ஒதுக்கப்படும், 5 கூடும்: பரப்பே பழுது. ஆகவே 197 ஏறியவுடன் டிஸ்க்கைக் கழட்ட ஓடாமல், கீழே சொல்லப்படும் ரெய்டு சரிபார்ப்பை ஒரு முறை ஓட்டிவிட்டு இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள்.

199 வேறு சாதி. அது டிஸ்க்குக்கும் மதர்போர்ட்டுக்கும் நடுவே தரவு கெட்ட தடவைகளைச் சொல்கிறது. குற்றவாளி பெரும்பாலும் சாட்டா கேபிள், சிலவேளை தளர்ந்த இணைப்பு அல்லது களிம்பு பிடித்த முனை. முல்லைத்தீவுக் கடற்கரையை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபிளை மாற்றினாலும் இந்த எண் குறையாது, அது ஆயுள்கணக்கு. மாற்றிய அன்று இருந்த எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். அதற்குப் பிறகு கூடாவிட்டால் வேலை முடிந்தது. நல்ல டிஸ்க்கை 199க்காக வீசியவர்கள் குறைவில்லை.

192, 12 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 டிஸ்க் எத்தனை முறை இயக்கப்பட்டது என்பது. 192 பெரும்பாலான டிஸ்க்குகளில் கரண்ட் திடீரென்று பறிக்கப்பட்டு, வாசிப்புத் தலை அவசரமாக ஒதுங்கிய தடவைகள். 192 ஏறிக்கொண்டே போனால் யூபிஎஸ் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

9 ஓடிய மணித்தியாலங்கள். இடைவிடாமல் ஓடினால் வருடத்துக்கு 8,760. 193 வாசிப்புத் தலை ஒதுக்கப்பட்ட தடவைகள். நாஸ் டிஸ்க்குகளுக்கு (இடைவிடாமல் ஓடும் சேமிப்புச் சேர்வருக்கென்று செய்தவை) வழக்கமாக 6 இலட்சம், மேசைக் கணினி டிஸ்க்குகளுக்கு 3 இலட்சம் என்று தயாரிப்பாளர் குறிப்பில் இருக்கும். நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஏறினால் டிஸ்க்கின் மின்சேமிப்பு அமைப்பைத் தளர்த்துங்கள். 10 பூச்சியத்தைத் தாண்டினால் மோட்டார் சுழலத் தொடங்கவே திணறுகிறது. முதலில் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள், பிறகு டிஸ்க்கை.

சீகேட் டிஸ்க்கில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த எண்ணின் கீழ்ப்பகுதி மொத்த வாசிப்புகளின் கணக்கு, மேல்பகுதிதான் பிழை. 188லும் இதே கதை: 4295032833 என்று தெரிந்தால் அது மூன்று சிறு எண்கள் சேர்த்துக் கட்டப்பட்டது, ஒவ்வொன்றும் 1 மட்டுமே.

இந்த எண்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை? ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு அதிகம். அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 56 வீதமானவை நான்கு முக்கிய அளவுகளிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்தன. எண் ஏறினால் நம்புங்கள். ஏறாவிட்டாலும் பேக்கப் இல்லாமல் தூங்காதீர்கள்.

சோதனைகளுக்கு நேரம் குறித்தல்

வாசிக்கப்படாத பகுதியில் உள்ள பழுதை எந்த எண்ணும் காட்டாது. மூன்று வருடத்துக்கு முந்தைய திருமண வீடியோ இருக்கும் இடத்தை யாரும் தொடுவதில்லை. இன்னொரு டிஸ்க் செத்து ரெய்டைத் திரும்பக் கட்டும்போதுதான் அந்த இடம் வாசிக்கப்படும். அப்போதுதான் பழுதும் வெளிப்படும். அதைத் தவிர்க்கவே சோதனைகள்.

சிறு சோதனைக்கு ஏறக்குறைய 2 நிமிடம். நாளுக்கு ஒன்று வைக்கலாம், கிழமைக்கு ஒன்றும் போதும். நெடுஞ்சோதனை முழுப் பரப்பையும் வாசிக்கும். 4 டெராபைட் டிஸ்க்குக்கு 8 மணித்தியாலம் வரை, 8 டெராபைட்டுக்கு அதன் இரட்டிப்புக்குக் கிட்டப் போகும். மாதம் ஒரு முறை, ஒரு இரவில் ஒரு டிஸ்க் மட்டும். எல்லாவற்றையும் ஒரே இரவில் ஓட்டினால் வெக்கையும் கூடும், சிசிடிவி பதிவும் தடுமாறும். ஓபன்மீடியாவால்ட்டில் ஸ்டோரேஜ் மெனுவில் ஸ்மார்ட் பகுதிக்குப் போய், முதலில் கண்காணிப்பை இயக்கி, பிறகு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியே கண்காணிப்பை இயக்கி, அதன் பின் நேர அட்டவணையைப் போடுங்கள். நடுப் படியை மறந்தால் அட்டவணை இருக்கும், எச்சரிக்கை வராது.

ரெய்டு சரிபார்ப்பு இன்னொன்று. டெபியன், எம்டி ரெய்டை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு தானாகச் சரிபார்க்கும். இசட்எஃப்எஸ்ஸை இரண்டாவது ஞாயிறு ஸ்க்ரப் செய்யும், அதாவது எழுதிய தரவை வாசித்துச் சரிபார்க்கும். நெடுஞ்சோதனைகளை இந்த நாட்களில் வைக்காதீர்கள். எம்டி சரிபார்ப்பு முழு டிஸ்க்கையும் வாசிக்கும்; வாசிக்க முடியாத செக்டரை மற்ற டிஸ்க்குகளில் இருந்து கணித்து மீண்டும் எழுதும். மேலே 197க்குச் சொன்ன மருந்து இதுதான். இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் தரவு உள்ள இடங்களை மட்டுமே வாசிக்கும், வெற்றிடத்தில் உள்ள பழுது நெடுஞ்சோதனையில்தான் அகப்படும்.

நடு இரவில் கரண்ட் போனால் நெடுஞ்சோதனை அரைவழியில் நிற்கும். சோதனைப் பதிவேட்டில் ‘இன்டரப்டட்’ அல்லது ‘அபோர்ட்டட்’ என்று இருக்கும். அது தோல்வி அல்ல, திரும்ப ஓட்டுங்கள். ‘ரீட் ஃபெயிலியர்’ என்று வந்து பக்கத்தில் ஒரு நீண்ட எண்ணும் இருந்தால்தான் உண்மையான பழுது.

அமைப்பில் இன்னுமொன்றைக் கவனியுங்கள். நாஸ் டிஸ்க், வாசிக்க முடியாத செக்டரோடு 7 விநாடிதான் மல்லுக்கட்டும்; பிறகு பிழையைச் சொல்லிவிடும், ரெய்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மேசைக் கணினி டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும். அதன் பிறகு இணைப்பையே மீட்டமைக்கும், ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் ரெய்டிலிருந்து தள்ளப்படும். ஸ்மார்ட்சிடிஎல்லில், டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்று சொல்லும் எஸ்சிடிஇஆர்சி அமைப்பை 70, 70 என்று வைத்தால் அது 7 விநாடியாகும். கரண்ட் போய் வந்தால் பல டிஸ்க்குகள் இதை மறந்துவிடும்; இயக்கத் தொடக்கத்தில் தானாக ஓடும்படி எழுதி வையுங்கள். டிஸ்க் இந்த அமைப்பை ஏற்காவிட்டால் லினக்ஸின் பொறுமையை 180 விநாடியாக உயர்த்துங்கள்.

எச்சரிக்கை கைக்கு வந்துசேர

ஸ்மார்ட்டி என்ற பின்னணி நிரல் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்க்குகளைப் பார்க்கும். அது போதும். வெப்பநிலைக்கு 45 பாகையில் குறிப்பு, 50இல் எச்சரிக்கை என்று வையுங்கள். ஜிமெயில் வழியே அனுப்புவதானால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, தனியான ஆப் கடவுச்சொல் எடுத்து, 587 துறையில் கொடுக்க வேண்டும். சாதாரணக் கடவுச்சொல் வேலை செய்யாது. ரெலிகிராம் பொட் வைத்திருப்பவர்கள் அதையே பாவிக்கலாம். மெயிலைவிட அது கண்ணில் படும்.

அமைத்த அன்றே சோதனை எச்சரிக்கை ஒன்றை அனுப்பிப் பாருங்கள். எம்டி ரெய்டின் கண்காணிப்பையும் தனியாகச் சோதியுங்கள், ஸ்மார்ட்டியும் அதுவும் வெவ்வேறு நிரல்கள். பிறகு ஒவ்வொரு திங்கள் காலையும் ‘எல்லாம் சரி’ என்று சேர்வரே ஒரு செய்தி அனுப்பும்படி செய்யுங்கள். டொங்கிள் தரவு முடிந்தாலும், ரவுட்டர் செத்தாலும், சேர்வரே அணைந்தாலும் எச்சரிக்கை வராது. திங்கள் செய்தி வராதது ஒன்றே அப்போது உங்களுக்குத் தெரியும்.

மாதம் ஒரு முறை 5, 187, 197, 198, 199, 192, வெப்பநிலை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். ஸ்மார்ட்டியே கோப்பில் பதியும்தான், ஆனால் சேர்வர் விழுந்த நாளில் அந்தக் கோப்பும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கரண்ட், வெக்கை, புழுதி

650 விஏ யூபிஎஸ் ஒன்று, 4 டிஸ்க் சேர்வரையும் ரவுட்டரையும் தாங்கும். அதனுள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய பற்றரி. புதிதில் கால் மணித்தியாலம் தரும். வெக்கையில் ஈய பற்றரியின் ஆயுள் விரைவாகத் தேயும்: 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. ஏசி இல்லாத அறையில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதைச் செலவாகப் பார்க்காதீர்கள். 2022இல் போல நாளில் பாதிக்கும் மேல் கரண்ட் இல்லாத காலம் திரும்பினால், இடையில் கிடைக்கும் நேரத்தில் பற்றரி முழுதாக நிரம்பாது.

யூபிஎஸ் நேரம் கடத்துவதற்கு மட்டும் அல்ல, சேர்வரை ஒழுங்காக நிறுத்தவும்தான். யூஎஸ்பி வாய் உள்ளதாகப் பார்த்து வாங்கி, நட் என்ற மென்பொருளோடு இணையுங்கள். மலிவான யூபிஎஸ்களில் பல நட்டின் க்யூஎக்ஸ் இயக்கியோடு பேசும். பற்றரி எவ்வளவு மிச்சம் என்று இவை சொல்வதை நம்பாமல், கரண்ட் போய் 3 நிமிடத்தில் நிறுத்து என்று நேரக்கணக்கில் வையுங்கள். பிறகு சுவர்ச் சுவிட்சை அணைத்து, உண்மையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் கரண்ட் வயரை மட்டும் கழட்டினால் போதாது. முற்றத்துக் கேமராவிலிருந்து வரும் நெட்வேர்க் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும், அதையும் கழட்டுங்கள். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகினால் எர்த் அறுந்துவிடும்.

சோளகக் காலத்தில் செம்மண் புழுதி விசிறியில் அப்பிக்கொள்ளும். முன்பக்க விசிறி காற்றை உள்ளிழுக்கும் வாயில் கழுவக்கூடிய வலை ஒன்று போட்டு, மாதம் ஒரு முறை கழுவிக் காயவையுங்கள். டிஸ்க்குகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். அடுக்கில் நடுவில் இருப்பதுதான் எப்போதும் கூடச் சூடாகும். அறை 33 பாகை என்றால் டிஸ்க் 42, 43இல் நிற்பது வழமை. 50ஐத் தாண்டினால் விசிறியைப் பாருங்கள். பின்பக்கத்தில் திறந்திருக்கும் ஓட்டைகளை மெல்லிய வலையால் மூடுங்கள். பல்லி பவர் சப்ளைக்குள் போய்த் தானும் செத்து அதையும் சாகடிக்கும், எறும்பு கூடு கட்டும்.

நான்கு முனை மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வார்ப்புப் பிளாஸ்டிக் இணைப்புகளைப் பாவிக்காதீர்கள். அவை உள்ளே குறுக்குச்சுற்றாகி எரியும். ஒவ்வொரு டிஸ்க்கும் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 6 டிஸ்க் சேர்ந்தால் அதற்கு ஏற்ற பவர் சப்ளை வேண்டும்.

எண் ஏறிவிட்டால்

5 ஒரு முறை ஏறி, மாதக்கணக்கில் அங்கேயே நின்றால் டிஸ்க் இன்னும் பல காலம் ஓடலாம். இருந்தாலும் மாற்று டிஸ்க்குக்கு அன்றே சொல்லிவிடுங்கள். ஒரு கிழமைக்குள் இரண்டாவது முறை ஏறினால் மாற்றிவிடுங்கள். 198 அல்லது 187 கூடினாலும், நெடுஞ்சோதனை ‘ரீட் ஃபெயிலியர்’ காட்டினாலும் அப்படியே. அலமாரியில் ஒரு டிஸ்க் ஏற்கெனவே இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் இலகு. வன்னியில் ஓடும் எந்தச் சேர்வருக்கும் அந்த ஒரு டிஸ்க்கை முதல் நாளிலேயே வாங்கி வைப்பது நல்லது. மிஞ்சியிருக்கும் டிஸ்க்குகளில் மிகச் சிறியதற்குக் குறையாத கொள்ளளவு இருக்கட்டும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இருக்கக் கூடாது. அது ரெய்டைத் திரும்பக் கட்டும்போது தவழும், இசட்எஃப்எஸ்ஸில் இடையில் தள்ளப்படவும் கூடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாதிரிகள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்டது. மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

மாற்றுவதற்கு முன் பேக்கப்பைப் புதுப்பியுங்கள். பழுதான டிஸ்க் இன்னும் வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தால் அதைக் கழட்டாமலே புதியதைக் கூடுதலாகப் பூட்டுங்கள். எம்டி ரெய்டில் எம்டிஅட்மின் கட்டளையின் ‘ரிப்ளேஸ்’, இசட்எஃப்எஸ்ஸில் இசட்பூல் கட்டளையின் ‘ரிப்ளேஸ்’ இரண்டும் பழைய டிஸ்க்கையும் பாவித்தே புதியதை நிரப்பும். பழையதில் வாசிக்க முடியாத துண்டுகளை மற்ற டிஸ்க்குகளிலிருந்து எடுக்கும். இடையில் காப்பில்லாத நேரம் வராது. காலி சாட்டா வாய் இல்லாதபோதுதான் கழட்டிவிட்டுக் கட்ட வேண்டும். 4 டெராபைட்டுக்கு 8 மணித்தியாலம் என்று தொடங்கி, சேர்வரை மற்றவர்கள் பாவித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் வரை போகும். அந்த நேரத்தில் கேபிள்களைத் தொடாதீர்கள்.

புது டிஸ்க்கையும் நேரே ரெய்டில் போட வேண்டாம். நெடுஞ்சோதனை ஒன்று, முழுப் பரப்பிலும் ஒரு முறை எழுத்து, மீண்டும் நெடுஞ்சோதனை. 5, 197, 198 பூச்சியத்தில் நின்றால் உள்ளே விடுங்கள். பஸ்ஸில் குலுங்கி வந்த டிஸ்க் ஆரம்ப நாட்களிலேயே விழுவது உண்டு, கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் அது தெரிந்துவிட வேண்டும்.

9 பூச்சியத்துக்குக் கிட்ட இருப்பதை வைத்து மட்டும் புதியது என்று நம்ப முடியாது. அந்தக் கணக்கை அழித்து, ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகள் புதியவையாக விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் பல நாடுகளில் வெளிப்பட்டது. சீகேட்டில் ஃபார்ம் என்ற தனிப் பதிவேடு உண்டு. ஸ்மார்ட்மொன்டூல்ஸ் 7.4 முதல் அதை வாசிக்கும். ஃபார்ம் சொல்லும் மணித்தியாலமும் 9 சொல்லும் மணித்தியாலமும் ஒத்துப்போகாவிட்டால், பெட்டியோடும் பில்லோடும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.